தன் வீட்டை விற்கும் தரகர்

மத்திய அரசில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெறும் தில்லித் தமிழர் பலருக்கு மயூர் விகாரிலோ, ஐ.பி. எக்ஸ்டென்ஷனிலோ, துவாரகாவிலோ ஒரு ஃப்ளாட் இருக்கும். பிள்ளைகள் பெங்களூரில், இல்லாவிட்டால் அமெரிக்காவில். ஊர் திரும்ப வேண்டும், அல்லது மூன்றாம் மாடியை விட்டு லிஃப்ட் உள்ள கட்டடத்துக்காவது மாற வேண்டும். காலனி முழுக்கப் பழக்கம், இந்தி சரளம், கையில் நேரமும் இருக்கிறது என்று ஓய்வுக்குப் பின் பிராப்பர்ட்டி டீலராகப் பதிவு செய்துகொள்கிறவர்களும் இவர்களில் உண்டு. சொந்த வீட்டை விற்கும் நேரம் வரும்போது, தரகு வாங்குகிற நானே இன்னொருவருக்குத் தரகு கொடுப்பானேன் என்று அவருக்குத் தோன்றுவது இயல்பு.

அப்படி விற்கலாமா, விற்றால் வாங்குகிறவரிடம் என்ன சொல்லியாக வேண்டும், கடைசியில் லாபம்தானா? இந்தக் கேள்விகளுக்கு அமெரிக்காவில் விதிகளும் உண்டு, புள்ளிவிவர ஆய்வுகளும் உண்டு. இந்தியாவில் இவற்றை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. பதில்கள் நான்கைந்து சட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் விநோதமான சித்திரம் கிடைக்கிறது.

முதலில் சுவரில் மாட்டியிருக்கும் அந்தச் சான்றிதழ். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை, மேம்பாட்டுச் சட்டம், அதாவது எல்லோரும் ரெரா என்று சொல்வது, தரகர்களுக்கு முதன்முறையாக நாடு தழுவிய பதிவைக் கொண்டுவந்தது. தில்லியில் தனிநபர் ஒருவர் பத்தாயிரம் ரூபாய் கட்டினால் ஐந்து ஆண்டுக்குப் பதிவு கிடைக்கும். மகாராஷ்டிரத்தில் 2023 முதல் தரகர்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். ரெரா சட்டத்திலோ அப்படி ஒரு தேர்வு இல்லை. விண்ணப்பம், ஆவணங்கள், கட்டணம், அவ்வளவுதான். எனவே 'லைசென்ஸ் வாங்கியவர்' என்ற சொல்லை அமெரிக்கப் பொருளில் இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே வகுப்புக்குப் போய், மாநிலத் தேர்வில் தேறி, ஒரு மூத்த புரோக்கரின் கீழ் சேர்ந்தால்தான் தொழில். இங்கே பதிவு என்பது பெயரைப் புத்தகத்தில் ஏற்றுவது.

இன்னும் ஒரு படி உள்ளே போனால் விநோதம் கூடுகிறது. சட்டத்தின் 9-ஆம் பிரிவு எதைத் தடுக்கிறது? ரெராவில் பதிவான ஒரு திட்டத்தில் கட்டுமான நிறுவனம் விற்கும் வீட்டையோ மனையையோ பதிவில்லாத தரகர் கைமாற்றித் தருவதை. மீறினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வீதம், அந்த வீட்டின் விலையில் ஐந்து சதவீதம் வரை அபராதம் ஏறலாம். ஆனால் தில்லியில் அப்படிப்பட்ட புதுத் திட்டங்கள் எத்தனை இருக்கின்றன? ஐநூறு சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில் எழும்புவதும், எட்டு வீட்டுக்கு மேற்படாததும் பதிவிலிருந்து விலக்குப் பெற்றவை. தென்தில்லிக் காலனிகளில் பழைய பங்களாவை இடித்துவிட்டுக் கார் நிறுத்தத்தின் மேல் நான்கு தளம் போட்டு விற்கிறார்களே, 'பில்டர் ஃப்ளோர்' என்று, அவற்றில் பெரும்பகுதி இந்த விலக்குக்குள் வந்துவிடும். மற்றவை தில்லி வளர்ச்சி ஆணையமான டி.டி.ஏ. கட்டிக் கொடுத்த ஃப்ளாட்டுகளும் கூட்டுறவுச் சொசைட்டிகளும், எல்லாம் மறுவிற்பனை. புதுக் கோபுரங்கள் நிற்பது குருகிராமிலும் நொய்டாவிலும். அவற்றுக்கு ஹரியானா, உத்தரப் பிரதேச ஆணையங்களில் தனித்தனியாகப் பதிய வேண்டும். ஆக, தில்லியில் பதிந்த புதுத் தரகர் தன் முப்பது வருஷத்து ஃப்ளாட்டை விற்பதற்கும் அவருடைய சான்றிதழுக்கும் நேரடிச் சம்பந்தமே இல்லை.

தரகர் என்பதற்கு அதே சட்டம் தரும் வரையறையும் இதையே சொல்கிறது. ஒருவர் சார்பாக இன்னொருவரிடம் பேசி, அதற்குக் கூலி பெறுகிறவர் தரகர். தன் வீட்டைத் தானே விற்கிறவர் யார் சார்பிலும் பேசவில்லை, யாரிடமும் கூலி பெறவில்லை. அவர் வெறும் விற்பனையாளர். விஷயம் இத்தோடு முடிந்தது என்று சந்தோஷப்படத் தோன்றும். முடியவில்லை. விற்பனையாளர் என்ற நிலைக்கு அதைவிடப் பழைய சட்டம் ஒன்று காத்திருக்கிறது.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவு. சொத்திலோ உரிமையிலோ உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், அவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், அதை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்றே அந்தப் பிரிவு முடிகிறது. இதில் கவனிக்க வேண்டியது 'விற்பவருக்குத் தெரிந்து' என்ற நிபந்தனை. கடமையின் அளவை நிர்ணயிப்பது விற்பவரின் அறிவு. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் "இதெல்லாம் எனக்கெங்கே தெரியும், என் வீட்டுக்காரர் வாங்கியது" என்று சொன்னால் நீதிமன்றம் நம்பக்கூடும். பிராப்பர்ட்டி டீலர் அதே வாக்கியத்தைச் சொன்னால் நம்புமா? சான்றிதழ் அவருக்கு எந்தச் சலுகையும் தரவில்லை. தெரியாது என்று சொல்லும் வசதியை மட்டும் பறித்துக்கொண்டது. இந்த விஷயம் முழுவதற்கும் முடிச்சு இதுதான் என்பது என் கருத்து.

தில்லியில் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. டி.டி.ஏ. ஃப்ளாட்டுகள் பலவும் தொடக்கத்தில் குத்தகை உரிமையில் கொடுக்கப்பட்டவை. அனுமதி பெற்று முறையாக மாற்றினால் மதிப்பு உயர்வில் ஒரு பங்கை அரசுக்குக் கட்ட வேண்டியிருந்தது. எனவே மக்கள் வேறு வழி பிடித்தார்கள்: பொது அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், ஓர் உயில், பணம் பெற்றதற்கு ரசீது. தில்லிப் பேச்சில் 'ஜி.பி.ஏ. சேல்'. ஒரே ஃப்ளாட் நான்கு கை மாறியிருக்கும். பதிவான கிரயப் பத்திரம் ஒன்றுகூட இருக்காது. 1992-இல் குத்தகையை முழு உரிமையாக மாற்றும் திட்டம் வந்த பின்னும் இந்தப் பழக்கம் நிற்கவில்லை. 2011 அக்டோபர் 11 அன்று சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது: அதிகாரப் பத்திரமும் உயிலும் சேர்ந்து விற்பனை ஆகிவிடாது, பதிவான கிரயப் பத்திரத்தால் மட்டுமே உரிமை மாறும். அதற்கு முன் நடந்தவற்றை வைத்து முறைப்படுத்திக்கொள்ள வழியும் விட்டது.

நம் தரகர் தன் ஃப்ளாட்டை 1998-இல் இப்படி ஜி.பி.ஏ.யில் வாங்கி, பின்பு முழு உரிமைப் பத்திரம் பெற்றிருக்கலாம். இடையில் ஒரு பத்திரம் காணாமல் போயிருக்கலாம். டீலர்கள் 'செயின்' என்று சொல்லும் அந்தப் பத்திரத் தொடரில் ஒரு கண்ணி அறுந்தால் வாங்குபவரின் வங்கி கடன் கொடுக்கத் தயங்கும். இது அவருக்குத் தெரியும். தெரிந்தால் சொல்ல வேண்டும். பால்கனியை அடைத்து அறையாக்கியது, பின்பக்கம் தூண் எழுப்பி ஒரு அறை கூட்டியது, மாடியில் போட்ட தகரக் கொட்டகை இவையும் அப்படியே. டி.டி.ஏ. ஃப்ளாட்டுகளில் இந்த 'எக்ஸ்ட்ரா கவரேஜ்' இல்லாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வாங்க வருகிறவர் விசாலமான மூன்று படுக்கையறை என்று மகிழ்ந்து போவார். அனுமதி பெற்ற வரைபடத்தில் இருப்பது இரண்டு. மூன்றாவதைக் கண்ணால் பார்க்கத்தானே செய்கிறார், நான் ஏன் சொல்ல வேண்டும் என்று வாதிடலாம். கண்ணுக்குத் தெரிவது சுவர். அனுமதி இல்லை என்பது கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது, விற்பவர் தரகர் என்பதையே சொல்ல வேண்டுமா? அமெரிக்காவின் தேசிய ரியல்ட்டர்கள் சங்கம் தன் நெறிமுறையின் 4-ஆம் விதியில் இதை நேரடியாகக் கேட்கிறது: உறுப்பினர் தனக்குச் சொந்தமான, அல்லது தனக்குப் பங்குள்ள சொத்தை விற்றால் அதை எழுத்தில் வாங்குபவரிடம் தெரிவிக்க வேண்டும். விளம்பரத்திலேயே 'உரிமையாளர் – தரகர்' என்று போடும் வழக்கமும் அங்கே உண்டு. நம் ரெராவில் இதற்கு நிகரான வாசகம் இல்லை. 10-ஆம் பிரிவு தரகருக்குப் பொய் விளம்பரத்தையும் முறையற்ற வியாபாரத்தையும் தடை செய்கிறது. ஆனால் அது அவர் தரகராக நடந்துகொள்ளும் இடத்துக்கு உரியது.

எனவே கேள்வி நடைமுறைக்கு வருகிறது. 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ் போன்ற தளங்களில் விளம்பரம் போடும்போது நீங்கள் உரிமையாளரா, டீலரா என்று கேட்கும். உரிமையாளர் என்று அழுத்தினால் பொய் இல்லை. ஆனால் அந்தப் பெட்டியை வைத்து வடிகட்டித் தேடுகிறவர் எதைத் தேடுகிறார்? தன்னைப் போலவே தொழில் தெரியாத இன்னொருவரை. அவரிடம் பேரம் பேசும்போது இருவரும் ஒரே தளத்தில் நிற்பதாக அவர் நினைக்கிறார். மூன்றாம் சந்திப்பில் வீட்டுக்காரரின் விசிட்டிங் கார்டில் 'பிராப்பர்ட்டீஸ்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டால் அதுவரை பேசிய எல்லாவற்றின் மீதும் சந்தேகம் விழும். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் முதல் தொலைபேசிப் பேச்சிலேயே சொல்லிவிடுவதும், பயானா வாங்கும் காகிதத்தில் ஒரு வரி எழுதிவிடுவதும் புத்திசாலித்தனம். பயானா தெரியும்தானே, நம்மூர் அட்வான்ஸ். தில்லியில் அது கை மாறினால்தான் பேச்சு முடிந்ததாக அர்த்தம்.

இதில் தில்லிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பெண் பெயரில் வாங்கினால் இங்கே முத்திரைத் தீர்வை ஆண் பெயரில் வாங்குவதைவிட இரண்டு சதவீதப் புள்ளி குறைவு. அதனால் எத்தனையோ ஃப்ளாட்டுகள் மனைவி பெயரில் இருக்கின்றன. கணவர் டீலர், வீடு மனைவி பெயரில். அவர் வாங்க வருகிறவரிடம் "பார்ட்டி கொஞ்சம் அவசரத்தில் இருக்காங்க, விலை குறைய வாய்ப்பில்லை, ஆனாலும் பேசிப் பார்க்கிறேன்" என்று நடுவராக நின்று பேசலாம். காகிதப்படி அவர் சொன்னது சரி. அந்தப் பார்ட்டி சமையலறையில் காபி போட்டுக்கொண்டிருக்கிறார் என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். தரகர் தன் குடும்பத்தாருக்காக வீடு வாங்கும் இடத்துக்கும் அமெரிக்க விதி நீளுகிறது. இங்கே அதை எழுதிவைக்காதது ஒரு குறை.

அதைவிட மோசம், இந்த வேடத்தைப் போட்டுக்கொண்டு வாங்குபவரிடமும் தரகு கேட்பது. தில்லி வழக்கம் விற்பவரிடம் ஒரு சதவீதம், வாங்குபவரிடம் ஒரு சதவீதம், பேசினால் குறையும். வாங்குபவரிடம் ஒரு சதவீதம் வாங்கிய அந்த நிமிஷமே நீங்கள் அவருடைய ஆள் ஆகிவிட்டீர்கள். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 215, 216-ஆம் பிரிவுகளில் இதற்குத் தயாராக இருக்கிறது: தன்னை நம்பியவருக்குத் தெரிவித்து அவருடைய சம்மதம் பெறாமல் முகவர் தன் சொந்தக் கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்தால், முக்கிய விஷயத்தை மறைத்ததோ நஷ்டம் விளைந்ததோ தெரியவரும்போது நம்பியவர் அந்த வியாபாரத்தையே நிராகரிக்கலாம், முகவர் அடித்த லாபத்தையும் கேட்டு வாங்கலாம். 1917-இல் லண்டனில் ஒரு வழக்கு. பங்கு வாங்கித் தரச் சொன்ன வாடிக்கையாளருக்கு, சந்தையில் வாங்கியதாகக் காட்டித் தன் கையிலிருந்த பங்குகளையே தள்ளிவிட்டார் ஒரு பங்குத் தரகர். ஆண்டுகள் பல கழிந்திருந்தும் நீதிமன்றம் அந்த விற்பனையை ரத்து செய்தது. ஆர்ம்ஸ்ட்ராங் எதிர் ஜாக்சன் என்ற அந்தத் தீர்ப்பில் பங்கு என்பதை எடுத்துவிட்டு ஃப்ளாட் என்று போட்டுப் படிக்கலாம்.

இனி லாபக் கணக்கு. இதில்தான் ஆய்வுகள் சுவையானவை. ஸ்டீவன் லெவிட், சாட் சிவெர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் சிகாகோ நகரைக் கொண்ட குக் கவுன்ட்டியில் நடந்த ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் மூவாயிரத்துச் சொச்சம் தரகர்களின் சொந்த வீடுகள். மற்றவர்களின் அதே மாதிரி வீட்டைவிட அவை 3.7 சதவீதம் கூடுதல் விலைக்குப் போயின; சந்தையில் ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருந்தன. 2008-இல் அச்சேறிய இந்த முடிவு, லெவிட் இணைந்து எழுதிய 'ஃப்ரீக்கனாமிக்ஸ்' மூலம் அதற்கு முன்பே பிரபலமாகிவிட்டது. 2005-இல் ரதர்ஃபோர்டும் அவருடைய இணை ஆய்வாளர்களும் டெக்சாஸ் விவரங்களை வைத்துச் செய்த ஆய்வில் வித்தியாசம் 4.5 சதவீதம் வந்தது. ஆனால் அங்கே தரகர்கள் கூடுதல் நாள் காத்திருக்கவில்லை. காரணத்தில் இரண்டு ஆய்வும் முழுக்க ஒத்துப்போகவில்லை; தரகர் தன் வீட்டுக்கு வாங்கும் விலையைத் தன் வாடிக்கையாளருக்கு வாங்கித் தருவதில்லை என்பதில் ஒத்துப்போகின்றன.

ஏன் என்பதை தில்லிக் கணக்கில் பார்க்கலாம். ஒன்றரைக் கோடி ரூபாய் ஃப்ளாட். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் ஐந்து லட்சம் கூடக் கிடைக்கும் என்று வையுங்கள். ஒரு சதவீதத் தரகில் டீலருக்கு அதனால் கூடுவது ஐயாயிரம். அதற்காக மேலும் மூன்று வாரம் ஆட்களைக் கூட்டிவந்து படியேறி இறங்குவாரா? "நல்ல விலை சார், கொடுத்துடுங்க" என்பார். தன் வீடென்றால் அந்த ஐந்து லட்சமும் அவருடையது, பொறுப்பார்.

இந்த ஆய்வைப் படித்துவிட்டு, 'பார்த்தீர்களா, நானே விற்றால் தரகும் மிச்சம், மூன்றே முக்கால் சதவீதமும் கூட' என்று புதுத் தரகர் துள்ளினால் அவசரப்படுகிறார். லெவிட்டின் தரகர்களுக்கு அந்தக் கூடுதலைத் தந்தது தகவல். ஒரே தெருவில் வீடுகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டு, விலையை ஒப்பிடுவது கடினமாக இருந்த இடங்களில் வித்தியாசம் பெரிதாக இருந்தது; இணையம் பரவி விலை விவரம் எல்லோர் கைக்கும் வந்தபோது சுருங்கியது. தில்லி முதல் வகையின் உச்சம். அமெரிக்காவில் தரகர்கள் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் விற்பனைப் பட்டியல் போல இங்கே ஒன்றும் இல்லை. பத்திரத்தில் எழுதும் விலை பல நேரம் உண்மை விலை ஆகாது. காலனிகளை ஏ முதல் எச் வரை எட்டு வகையாகப் பிரித்து, பத்திரப் பதிவுக்குக் குறைந்தபட்ச மதிப்பாக அரசு ஒரு சர்க்கிள் ரேட் வைத்திருக்கிறது. 2014 செப்டம்பரில் நிர்ணயித்ததில் ஏ வகை நிலத்துக்குச் சதுர மீட்டருக்கு 7.74 லட்சம் ரூபாய், எச் வகைக்கு 23,280. சந்தை விலை இதற்கு மேலேயும் இருக்கும். ஆடம்பரக் காலனிகள் சிலவற்றில் கீழேயும் போனதுண்டு. போன மாதம் பக்கத்து பிளாக்கில் முதல் மாடி உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்பது பழைய டீலர்கள் நாலைந்து பேரின் தலைக்குள்ளும் வாட்ஸ்ஆப்பிலும் மட்டுமே இருக்கிறது. அந்த அறிவுக்குத்தான் விலை. பத்தாயிரம் கட்டிப் பதிந்தவருக்கு அது இன்னும் வரவில்லை.

போதாததற்கு இது அவர் வாழ்ந்த வீடு. மாடுலர் கிச்சனுக்கு ஆறு லட்சம், பூஜை அறைக்குத் தேக்குக் கதவு, இத்தாலிய மார்பிள். இவற்றையெல்லாம் விலையில் ஏற்றிவிடுவார். வாங்குகிறவர் வந்த முதல் மாதமே உடைத்துப் போடுவார். வேறொருவர் வீடென்றால் இந்தத் தரகரே வீட்டுக்காரரிடம் இதைத் தயங்காமல் சொல்லியிருப்பார். அதனால் என் யோசனை கொஞ்சம் தலைகீழாகத் தோன்றலாம்: முதல் வீட்டை, அது சொந்த வீடாக இருந்தால், அந்தப் பகுதியில் பதினைந்து வருஷம் ஓடிய ஒரு டீலரிடம் விலை நிர்ணயிக்கக் கொடுங்கள், அவர் ஆள் கொண்டுவந்தால் அவருக்குரிய தரகைக் கொடுங்கள். ஒன்றரை லட்சம் போகும். அதற்குப் பதிலாக அவர் எப்படி விலை சொல்கிறார், எந்த இடத்தில் மௌனமாக இருக்கிறார், பயானாவை எப்போது வாங்குகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். விற்பவர் நாற்காலியிலும் தொழில்காரர் நாற்காலியிலும் ஒரே சமயத்தில் உட்காரும் வாய்ப்பு திரும்ப வராது.

ரொக்கப் பேச்சு வரும். வராமல் இருக்காது. 'எவ்வளவு ஒயிட், எவ்வளவு கேஷ்' என்பது தில்லியில் வீட்டைச் சுற்றிப் பார்த்ததும் கேட்கும் இரண்டாவது கேள்வி. சொத்து விற்பனையில் இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கக் கூடாது என்பது 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம். மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம். சாதாரண வீட்டுக்காரர் ஒரு முறை தப்பிவிடுவார் என்றே வைத்துக்கொண்டாலும், கணக்குப் புத்தகம் வைத்திருக்கக் கடமைப்பட்ட தரகர் தன் தொழிலின் முதல் வருஷத்தை இப்படித் தொடங்குவது தானே போய்க் கழுத்தைக் கொடுப்பது. பத்திர விலை சர்க்கிள் ரேட்டைவிட மிகக் குறைந்தால், அதாவது சர்க்கிள் ரேட் மதிப்பு பத்திர விலையைப் பத்து சதவீதத்துக்கு மேல் தாண்டினால், சர்க்கிள் ரேட்டையே விற்ற விலையாக எடுத்துக்கொண்டு வரி போடுவார்கள். ஐம்பது லட்சமும் அதற்கு மேலும் உள்ள விற்பனையில் வாங்குபவர் ஒரு சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்பதையும் அவருக்கு இந்தத் தரகரே நினைவூட்டலாம்; மறந்தால் அலைச்சல் இருவருக்கும்தான்.

மூலதன ஆதாய வரியில் அவருக்கு மற்ற வீட்டுக்காரர்களைவிடச் சலுகையும் இல்லை, பாதகமும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த வீடு நீண்டகாலச் சொத்து. 2024 ஜூலை 23 முதல் விகிதம் 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது; ஆனால் அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீட்டுக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபர் சரிக்கட்டலோடு 20 சதவீதக் கணக்கையும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். எண்பதுகளில் சொசைட்டியில் சேர்ந்து சில லட்சத்துக்கு வீடு பெற்றவர்கள் இரண்டையும் போட்டுப் பார்ப்பது நல்லது. கிடைத்த ஆதாயத்தில் இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினால் பத்துக் கோடி வரம்புக்குள் விலக்கும் உண்டு.

தரகராகப் பதிந்ததால் இந்த வீடும் வியாபாரச் சரக்கு ஆகிவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். குடியிருக்க வாங்கி, குடியிருந்து, விற்கும் வீடு அப்படி ஆகாது. அந்தப் பணத்தில் அடுத்த தெருவில் விலை மலிந்த ஒரு ஃப்ளாட்டை வாங்கி, சுண்ணாம்பு அடித்து, எட்டு மாதத்தில் கைமாற்றி, பிறகு இன்னொன்றையும் அப்படிச் செய்தால் கதை வேறு. அப்போது வருவது வியாபார வருமானம் என்று அதிகாரி கணக்கிடலாம், 12.5 சதவீதமும் கிடையாது, வீடு வாங்கினால் வரும் விலக்கும் கிடையாது, சாதாரண வரி அடுக்கில் கட்ட வேண்டியதுதான். சொந்த வீட்டுப் பத்திரங்களையும், அதில் குடியிருந்ததற்கான மின்கட்டண ரசீது, வீட்டு வரி ரசீதுகளையும் தொழில் கோப்புகளோடு கலக்காமல் தனியே வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.